பெட்டி இல்லாத ஸ்பீக்கர் உங்கள் ஹாலுக்குச் சரிவருமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். நண்பர் வீட்டில் ஆளுயரத்துக்கு, கதவுப் பலகை போல ஒல்லியாக நின்ற, பெட்டியும் கூம்பும் இல்லாமல் விரித்த சவ்வு அசைந்து பாடும் பிளானர் ஸ்பீக்கரில் ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியைக் கேட்டிருக்கிறீர்கள். பாடகர் எதிரே உட்கார்ந்திருப்பது போல இருந்தது, தம்புரா நாதம் அறை முழுக்க நின்றது. வீட்டுக்கு வந்து அதே பதிவை உங்கள் பெட்டி ஸ்பீக்கரில் போட்டதும் எல்லாம் இரண்டு ஓட்டை வழியாக வருவதாகத் தோன்றியிருக்கிறது. சென்னையில் அடுக்குமாடி வீடு, 12க்கு 16 அடி ஹால். இருப்பதை விற்றுவிட்டு மாறலாமா, மாறினால் எதை இழக்க வேண்டியிருக்கும் என்பது கேள்வி. கூடவே, "சவ்வு மெல்லியதாக இருப்பதால் வேகமாக அசைகிறது, அதனால்தான் அந்தத் தெளிவு" என்று நண்பர் சொன்னது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

30 வருடமாக ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் பழுது பார்ப்பது என் தொழில். அதில் 11 வருடம் என் வீட்டு ஹாலிலேயே ஒரு ஜோடி பிளானர் நின்றது. ஆகவே, பிடித்துப் போய் வாங்கி, அதனோடு வாழ்ந்து, அதன் குறைகளையும் தினமும் பார்த்தவன் என்ற இடத்திலிருந்து எழுதுகிறேன்.

பிளானர் என்ற ஒரே பெயருக்குள் குடும்பம் இரண்டு மூன்று உண்டு. எலக்ட்ரோஸ்டாட்டிக் வகையில் துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். சவ்வில் சில ஆயிரம் வோல்ட் மின்னேற்றம் நிற்கும். தகடுகளில் பாட்டின் சிக்னல் ஏறி இறங்கும்போது சவ்வு முன்னும் பின்னும் இழுபடும். இங்கிலாந்தில் பீட்டர் வாக்கரின் குவாட் நிறுவனம் 1957-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்பீக்கர்தான் இந்த வகையை வீட்டு ஹாலுக்குள் கொண்டுவந்தது. அது 1985 வரை தயாரிப்பில் இருந்தது, இன்றும் பழைய ஜோடிகளைத் தேடி வாங்குகிறார்கள். இன்னொன்று பிளானர் மேக்னட்டிக். சவ்வின் மேல் மெல்லிய கம்பியையோ அலுமினியப் பட்டையையோ ஒட்டி, அதன் அருகே வரிசையாகக் காந்தப் பட்டைகளை நிறுத்துவார்கள். உயர் மின்னழுத்தம் தேவையில்லை, சுவர் பிளக்கில் செருக வேண்டியதும் இல்லை. அமெரிக்காவில் 3எம் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜிம் வைனி 1969-ல் தொடங்கிய மேக்னபேன் நிறுவனம் இதற்குப் பேர்போனது. மூன்றாவது ரிப்பன். அதில் சவ்வே கிடையாது, அலுமினியப் பட்டையே அசைந்து பாடும். மார்ட்டின் லோகன் போன்ற நிறுவனங்கள் மேலே எலக்ட்ரோஸ்டாட்டிக் பேனல், கீழே பெட்டிக்குள் பேஸுக்கான வூஃபர் என்று கலந்து செய்கின்றன. நீங்கள் கேட்டது உயரமாக, துணி போர்த்தி, பின்பக்கம் திறந்திருந்தது என்றால் அநேகமாக மேக்னட்டிக் வகையாக இருக்கும்.

இப்போது "வேகம்". இந்த விளக்கத்தை நானும் பல வருடம் நம்பியிருந்தேன், வாடிக்கையாளர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. ஒரு ஸ்பீக்கர் எவ்வளவு வேகமாக அசைய முடியும் என்பதும், எவ்வளவு உயர்ந்த அதிர்வெண் வரை அது ஒலிக்கும் என்பதும் ஒரே விஷயம்தான். உயர்ந்த ஸ்வரங்களுக்காகப் பெட்டி ஸ்பீக்கரில் இருக்கும், 20,000 ஹெர்ட்ஸ் வரை போகும் சாதாரண டோம் ட்வீட்டர் எந்தச் சவ்வுக்கும் வேகத்தில் இளைத்ததல்ல. இன்னும் சொன்னால், இழுத்துக் கட்டிய சவ்வு மிருதங்கத் தோல் போலத் தனக்கென்று சில அதிர்வுகளை வைத்திருக்கிறது. அடி நின்ற பிறகும் அவை கொஞ்சம் நீடிப்பதை அளவீட்டு வரைபடத்தில் பார்க்கலாம். அதை அடக்கத்தான் வடிவமைப்பாளர்கள் பாடுபடுகிறார்கள்.

சவ்வுக்கு உரிய உண்மையான பெருமை வேறு. எலக்ட்ரோஸ்டாட்டிக்கில் மின்விசை சவ்வின் பரப்பு முழுவதையும் ஒரே சீராகத் தள்ளுகிறது. பெட்டி ஸ்பீக்கரில் கூம்பின் நடுவில் காயிலை (கம்பிச்சுருளை) வைத்துத் தள்ளும்போது ஓரம் ஒரு பக்கம் வளைந்து நெளிவதுண்டு, இங்கே அது மிகக் குறைவு. சவ்வின் மின்னேற்றம் மாறாமல் இருக்கும்படி அதன் பூச்சுக்கு மிக அதிக மின்தடை வைத்துவிட்டால், நடு ஸ்தாயியில் ஒலிச் சிதைவு உண்மையிலேயே மிகக் குறைந்துவிடும். குரலும் வயலினும் இழைபிரிந்து கேட்பதில் இதற்குப் பங்கு உண்டு. இரண்டாவது, பெட்டி இல்லை. பெட்டிச் சுவரின் நடுக்கம் கிடையாது, பெட்டிக்குள் அடைபட்ட ஒலி கூம்பைத் துளைத்துக்கொண்டு தாமதமாக வெளியே வருவதும் கிடையாது.

ஆனாலும் நண்பர் வீட்டில் உங்களைக் கட்டிப்போட்ட விஷயத்துக்கு முதல் காரணம் இவை எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அது ஒலி பரவும் விதம். பிளானர் முன்னால் எவ்வளவு ஒலியைத் தள்ளுகிறதோ அதே அளவு பின்னாலும் தள்ளுகிறது, ஆனால் எதிர்க்கட்டத்தில். முன்பக்கக் காற்று அழுந்தும் நொடியில் பின்பக்கக் காற்று தளரும். பக்கவாட்டில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மேலிருந்து பார்த்தால் 8 என்ற எண்ணின் வடிவில் ஒலி பரவும். பக்கச் சுவரில் மோதித் திரும்பும் ஒலி மிகவும் குறைந்துவிடும், உயரமான பேனலாக இருந்தால் தரை, கூரைப் பிரதிபலிப்பும் குறையும். கோட்பாட்டின்படி, உங்கள் காதுக்கு நேராக ஒரே சத்தம் வந்தாலும், எல்லாப் பக்கமும் பரப்பும் ஸ்பீக்கர் அறைக்குள் கொட்டும் ஒலிச்சக்தியில் மூன்றில் ஒரு பங்கைத்தான் இது கொட்டுகிறது. அறையின் குறுக்கீடு குறைகிறது, பதிவு தெளிவாகத் தெரிகிறது. அதோடு, பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்து, ஸ்பீக்கருக்குப் பின்னாலும் ஒரு இடம் இருப்பது போன்ற ஆழத்தைத் தருகிறது.

இதற்கு ஒரு நல்ல சாட்சி சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ். ஹியூலட்-பேக்கர்டில் பொறியாளராக இருந்தவர், இன்று உலகம் முழுக்கப் பயன்படும் லிங்க்விட்ஸ்-ரைலி கிராஸ்ஓவரில் (தாழ்ந்த, உயர்ந்த ஸ்வரங்களைப் பிரித்து அந்தந்த ஸ்பீக்கருக்கு அனுப்பும் சுற்று) பாதிப் பெயர் அவருடையது. அவர் சாதாரணக் கூம்பு டிரைவர்களையே பெட்டியில்லாமல் திறந்த பலகையில் பொருத்தி, முன்னும் பின்னும் ஒலிக்கும் ஸ்பீக்கர்களை வடிவமைத்தார். அந்த வகை ஸ்பீக்கரை நான் கேட்டிருக்கிறேன். நீங்கள் சொன்ன அதே திறந்தவெளித் தன்மை அதில் இருந்தது, மெல்லிய சவ்வு எதுவும் அதில் இல்லை.

பலம் பரவும் விதத்தில் இருப்பதால் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. பிளானர் வாங்குகிறவர் ஒரு பின்சுவரையும் சேர்த்து வாங்குகிறார். கணக்கைப் பாருங்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி வைத்தால் பின்னால் போன ஒலி 2 மீட்டர் கூடுதலாக நடந்து, ஏறக்குறைய 6 மில்லி செகண்ட் தாமதமாக உங்களிடம் வரும். லிங்க்விட்ஸும் குறைந்தது இந்த 6 மில்லி செகண்டையே வலியுறுத்தினார். அதற்குமேல் தாமதமானால் காது நேர் ஒலியையும் பிரதிபலிப்பையும் பிரித்துக்கொள்கிறது என்பது அவர் கருத்து. இதே ஸ்பீக்கரை இடம் போதாமல் சுவரிலிருந்து 30 சென்டிமீட்டரில் வைத்தால், எதிர்க்கட்டத்தில் இருக்கும் பின் ஒலி முன் ஒலியைச் சுமார் 570 ஹெர்ட்ஸில் அழிக்கும். 5 கட்டைச் சுருதியில் பாடும் பெண் குரலுக்குத் தார ஸ்தாயிப் பஞ்சமம் ஏறக்குறைய 590. அதாவது, பாடகி உச்சத்தில் நின்று நிரவும் இடத்துக்குப் பக்கத்திலேயே பள்ளம் விழுகிறது. அதோடு 95 ஹெர்ட்ஸுக்குக் கீழே சுவர் முழுநேரமும் பேஸைத் தின்னும். 1 மீட்டரில் அந்தத் தின்னல் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் தொடங்குகிறது. நிஜ அறையில் எண்கள் இவ்வளவு துல்லியமாக வராது, சுவர் முழுவதையும் திருப்பி அனுப்பாது. திசை மட்டும் இதுதான். பெட்டி ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் கூடும், பிளானரை ஒட்டி வைத்தால் குறையும். இதைத் தெரியாமல் வாங்கி, சோபாவுக்கு வழிவிட வேண்டுமென்று சுவரில் சாய்த்து நிறுத்தி, ஆறே மாதத்தில் விற்றவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டது பிளானரே இல்லை.

அடுத்தது பேஸ். முன்னும் பின்னும் உள்ள ஒலி பலகையின் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழிக்கும் என்றேன். பலகையின் அகலத்தைவிட அலைநீளம் பெரிதாகப் பெரிதாக அந்த அழிவு கூடிக்கொண்டே போகும். 50 ஹெர்ட்ஸில் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர், உங்கள் ஹாலைவிட நீளம். ஒரே சத்தத்தில் ஒரு ஸ்தாயி கீழே இறங்க, பெட்டி ஸ்பீக்கரின் கூம்பு 4 மடங்கு தூரம் அசைந்தால் போதும், திறந்த பலகைக்கு 8 மடங்கு வேண்டும். சவ்வுக்கோ அசைய இருப்பது சில மில்லிமீட்டர் இடைவெளிதான். எனவே சின்ன பிளானர் ஆழமான பேஸை உரக்கக் கொடுக்கவே முடியாது. எந்த ஆம்ப்ளிஃபயரும் எந்த கேபிளும் இதை மாற்றாது.

இது உங்களுக்கு எவ்வளவு பெரிய குறை என்பது நீங்கள் கேட்பதைப் பொறுத்தது. 1 கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு ஸட்ஜம் 131 ஹெர்ட்ஸ், மந்தரப் பஞ்சமம் 98. தம்புராவின் மந்தர ஸட்ஜத் தந்தி 65-ல் இருக்கிறது, ஆனால் அதன் அழகெல்லாம் ஜீவாவில் (தந்திக்கும் குதிரைக்கும் நடுவே வைக்கும் நூல்) எழும் மேல் ஸ்வரங்களில்தான். அங்கே பிளானர் ராஜா. வீணையின் கமகம், வயலின் வில் தந்தியைத் தொடும் கணம், பாடகர் மூச்செடுக்கும் இடம் எல்லாம் அப்படித்தான். மிருதங்கத் தொப்பியின் கும்காரம் இருக்கிறதே, அதில் கொஞ்சம் குறைவு தெரியும். சுருதி தெளிவாகக் கேட்கும், ஆனால் வயிற்றில் வந்து இடிக்காது. பிளானர் பேஸ் அறையில் தேங்கிக் குமுறாமல் வந்தவுடன் போய்விடுகிறது என்பது எனக்குப் பிடித்த குணம். இடி வேண்டும் என்பவருக்கு அதுவே குறை. மிருதங்கம் தாங்கும், தவில் தாங்காது. அரங்கில் கேட்ட நாகஸ்வர-தவில் சத்தத்தை வீட்டில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வார இறுதியில் குடும்பத்தோடு இன்றைய சினிமாப் பாட்டும் சண்டைப் படமும் என்றால் சப்வூஃபர் இல்லாமல் முடியாது. சப்வூஃபரைச் சேர்ப்பது எளிது, சேர்ந்தது தெரியாமல் சேர்ப்பது கடினம். பெட்டிக்குள்ளிருந்து வரும் பேஸும் திறந்த பலகையின் பேஸும் அறையில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. நான் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் சப்வூஃபரைப் பேசவிட்டு, ஒலியளவைக் கொஞ்சம் கூச்சத்தோடு வைத்திருந்தேன். அதற்கே பல மாதம் பிடித்தது.

எத்தனை பேர் சேர்ந்து கேட்பீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அது முக்கியம். அகலமான பரப்பு உயர்ந்த ஸ்வரங்களை டார்ச் ஒளி போல நேராக அனுப்பும். 10,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. பலகை அதைவிடப் பல மடங்கு அகலம். குவாட் 1981-ல் கொண்டுவந்த அடுத்த மாடலில் தகட்டை வளையம் வளையமாகப் பிரித்து, வெளி வளையங்களுக்குச் சிக்னலைத் தாமதப்படுத்தி, ஒலி 30 சென்டிமீட்டர் பின்னால் ஒரு புள்ளியிலிருந்து வருவது போலச் செய்தார்கள். மார்ட்டின் லோகன் பேனலையே வளைத்தது. மற்றவர்கள் ஒல்லியான ட்வீட்டர் பட்டையைத் தனியே வைத்தார்கள். எல்லாமே உதவுகின்றன, எதுவும் முழுத் தீர்வு இல்லை. நடு நாற்காலியில் இருப்பவருக்குக் கச்சேரி, பக்கத்தில் இருப்பவருக்குப் பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் என்ற நிலை பல பிளானர்களில் உண்டு. 4 அடி உயர மாடல்களில் எழுந்து நின்றாலே மேல் ஸ்வரம் மங்கும்.

ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் இரண்டு வகையும் இரண்டு விதமாகப் படுத்தும். மேக்னட்டிக் வகை பெரும்பாலும் 4 ஓம், எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய மாறாத சுமை. சிக்கல் என்னவென்றால் அது நிறையக் குடிக்கும். விளம்பரத்தில் 2.83 வோல்ட்டுக்கு 86 டெசிபல் என்று போட்டிருந்தால், 4 ஓமில் அது 2 வாட். 1 வாட்டுக்கு 83 என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களிடம் இருப்பது சினிமா பார்க்கும் ரிசீவர் என்றால் தனி ஆம்ப்ளிஃபயருக்கும் பணம் ஒதுக்குங்கள். என் பிளானரை முதலில் நான் ஒரு ரிசீவரில்தான் இணைத்தேன், தனி ஆவர்த்தனம் சூடுபிடிக்கும்போதெல்லாம் அது தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. எலக்ட்ரோஸ்டாட்டிக் ஒரு பெரிய கெப்பாசிட்டர், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் பாகம். அதிர்வெண் ஏற ஏற அதன் மின்தடை விழுந்து, மேலே 1, 2 ஓம் வரை இறங்கலாம், சில ஆம்ப்கள் அதில் தடுமாறும். 1957 குவாட்டுக்கு எதிர்த்திசைச் சிக்கலும் உண்டு. 33 வோல்ட் உச்சத்துக்கு மேல் கொடுத்தால் உள்ளே தீப்பொறி பறந்து பேனல் கெடும். இன்றைய 200 வாட் ஆம்ப்பை அதில் மாட்டவே கூடாது.

சென்னை என்று சொன்னதால் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான வோல்ட்டில் நிற்கும் சவ்வு தூசியை இழுக்கும். கடலோர ஈரக் காற்றில் மின்னேற்றம் கசியும். ஒரு பக்கம் சத்தம் மெல்லக் குறைவது, டிக் டிக் என்று இடைவிட்ட ஓசை, மழைக்காலத்தில் மோசமாகி ஏசி போட்டால் தேறுவது இவையெல்லாம் அதன் அடையாளங்கள். தினமும் ஏசி ஓடாத ஹாலில் எலக்ட்ரோஸ்டாட்டிக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். திறந்து பார்க்கும் ஆசை வந்தால் தயவுசெய்து வேண்டாம். உள்ளே ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் தரும் மின்னழுத்தம் உயிரைப் பறிக்கக்கூடியது. மேக்னட்டிக் வகைக்கு ஈரம் அவ்வளவு எதிரி இல்லை. அதற்கு வெயிலும் வயதும்தான் பகை. பழைய ஜோடிகளில் கம்பியை ஒட்டிய பசை காய்ந்து, கம்பி சவ்வைவிட்டு எழும்பி, சில ஸ்வரங்களில் மட்டும் ர்ர்ர் என்று இரையும். செகண்ட் ஹேண்ட் வாங்கினால் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்து, தாழ்ந்த ஸ்வரங்களை மெதுவாக ஏற்றி இறக்கிக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

இதுவரை சொன்னதில் சுவர்க் கணக்கு, பேஸ் இழப்பு, ஒரே நாற்காலி, ஆம்ப்ளிஃபயர் சுமை இவை நிச்சயமானவை, யார் அளந்தாலும் வரும். பின்சுவரிலிருந்து வரும் அந்த ஆழம் பதிவில் இருப்பதா, ஸ்பீக்கர் சேர்ப்பதா என்பதில் அறிந்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பெரும்பகுதி சேர்க்கப்படுவது என்பது என் அபிப்பிராயம். மைக்கை வாயருகே வைத்து எடுத்த சபா கச்சேரிப் பதிவுக்கு அது பெரும்பாலும் நன்மை செய்கிறது, ஏற்கெனவே எதிரொலி கலந்த ஸ்டூடியோப் பதிவைச் சில நேரம் குழப்புகிறது. உங்கள் ஹாலைப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்வது நேர்மையாகாது. டைல்ஸ் தரை, வெறும் சுவர், ஒரு பக்கம் பால்கனிக் கண்ணாடி என்றால் ஒரு விதம், புத்தக அலமாரியும் திரைச்சீலையும் இருந்தால் வேறு விதம். ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒழுங்கில்லாமல் அடுக்கிய புத்தக அலமாரி இருப்பது, பஞ்சு ஒட்டிய சுவரைவிட எனக்குப் பிடித்திருந்தது.

என் பதில்: தினமும் இரவில் ஒருவராக உட்கார்ந்து வாய்ப்பாட்டும் வயலினும் வீணையும் கேட்பதாக இருந்து, 16 அடி நீளத்தில் ஸ்பீக்கருக்குப் பின்னால் 1 மீட்டர் விட முடியுமானால், மேக்னட்டிக் வகைக்கு மாறுங்கள். வேறு எதுவும் அந்த விலையில் அப்படிப் பாடாது. முடியாது என்றால் இருப்பதை வைத்துக்கொண்டு, அதைச் சுவரிலிருந்து வெளியே இழுத்து, முதல் பிரதிபலிப்பு விழும் பக்கச் சுவரில் கனமான திரையோ கம்பளமோ தொங்கவிட்டுக் கேளுங்கள். நண்பர் வீட்டில் கேட்டதில் ஒரு பகுதி அதிலேயே கிடைக்கும்.

முடிவெடுக்கும் முன் ஒரு செலவில்லாத சோதனை. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி 4 அடி உயரம், ஒன்றேகால் அடி அகலத்தில் இரண்டு பலகை செய்யுங்கள். சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி, ஸ்பீக்கர் நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி ஒரு வாரம் விடுங்கள். வீட்டில் எல்லோரும் அதைச் சுற்றி நடக்கட்டும், துடைப்பம் போகட்டும், விருந்தினர் வரட்டும். ஞாயிற்றுக்கிழமையும் இரண்டும் அதே இடத்தில் நின்றால், உங்களுக்கு மனப்பாடமான ஒரு வாய்ப்பாட்டையும் ஒரு தனி ஆவர்த்தனத்தையும் எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்கு மறுபடி போங்கள். இந்த முறை நடு நாற்காலியில் ஒரு பாட்டு, ஓரத்து நாற்காலியில் ஒரு பாட்டு, நின்றுகொண்டு ஒரு பாட்டு கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.